மானிட்டர் இல்லாத டெஸ்க்டாப்

கேள்வி: வீட்டு சர்வரில் மானிட்டரே இல்லை. அதில் லினக்ஸ் டெஸ்க்டாப் எதற்கு?

பதில்: மானிட்டர் இல்லாததால்தான்! மெய்நிகர் டெஸ்க்டாப் ஓடுவது மூலையில் கிடக்கும் பெட்டியில். தெரிவது கையிலுள்ள லேப்டாப்பில்.

இதன் அடித்தளம் கேவிஎம் என்ற மெய்நிகராக்க வசதி. 2007 முதல் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. அதைக் கட்டி மேய்க்க ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருளை நிறுவினால், பிரவுசரில் 8006 போர்ட் வழியே மெய்நிகர் இயந்திரங்களை உருவாக்கலாம், அழிக்கலாம். பயாஸில் மெய்நிகராக்க வசதி இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். இல்லையேல் இயந்திரம் கிளம்பவே மறுக்கும்.

2 கோர், 4 ஜிபி ரேம், 32 ஜிபி டிஸ்க் ஆகியவை சாதாரண வேலைக்குத் தாராளம். டெஸ்க்டாப் சூழல்களில் க்னோம் அழகுதான்; ஆனால் கிராஃபிக்ஸ் கார்டு கிடைக்காத இயந்திரத்தில் அதன் அலங்காரம் அத்தனையையும் பிராசசரே வரைந்து தொலைக்க வேண்டும். எக்ஸ்எஃப்சிஇ அடக்கமானது. டிஸ்க்குக்கும் நெட்வொர்க்குக்கும் விர்ட்ஐஓ வகையைத் தேர்வது வேகத்துக்கு நல்லது.

ப்ராக்ஸ்மாக்ஸின் பிரவுசர் கன்சோல் அவசரத்துக்கு உதவும். பாட்டு மட்டும் கேட்காது. அன்றாடப் புழக்கத்துக்கு மெய்நிகர் இயந்திரத்தில் எக்ஸ்ஆர்டிபி நிறுவுவது உகந்தது. விண்டோஸிலேயே உள்ள ரிமோட் டெஸ்க்டாப் அதனுடன் பேசும். நுழைந்ததும் கறுப்புத் திரை மட்டும் தெரிந்தால் ரவுட்டரைத் திட்ட வேண்டாம். அதே பயனர் கன்சோலிலும் லாகின் செய்திருப்பார். அங்கே லாக்அவுட் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். முழுத்திரை வீடியோ திக்கித் திணறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வெளியூரிலிருந்து நுழைய ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டைத் திறந்துவிடுவது, வாசற்கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவது. பாதுகாப்பாக நுழைய வயர்கார்டு விபிஎன் இருக்கிறது, காசும் கேட்பதில்லை.