மீன் தொட்டியப் பாத்து மயங்குன மாப்ளைக்கு

மாப்ள, கோயம்புத்தூர் முதியோர் இல்லத்துல எடுத்து அனுப்புன வீடியோவ முழுசாப் பாத்தேன். அடேங்கப்பா, என்ன ஒரு மீன் தொட்டி! வாசல்ல பிள்ளையாரு, உள்ள ஊதுபத்தி, தரையில முகம் பாத்துச் சவரம் பண்ணலாம் போலருக்கு. எண்பது தாண்டின பொம்பளை வழுக்கி விழுந்து இடுப்பு ஒடியதுக்கு இதவிடத் தோதான தரை நீ தேடினாலும் கெடைக்காது. கெட்டிக்காரன்டா நீ!

நம்ம ஊர்ல மாடு பிடிக்கப் போறவன் பல்லப் பிடிச்சுப் பாப்பான், சுழி பாப்பான், நாலு எட்டு நடக்க விட்டுப் பாப்பான். நீ பெத்தவள, எங்க அக்காவ, விடப் போற எடத்துல மெனு கார்டப் பாத்துட்டு வந்திருக்க. படிச்ச பிள்ளை, நாட்டுப்புறத்தான் நான் என்னத்தச் சொல்ல?

இருந்தாலும் ஒரு கோட்டித்தனம் பண்ணிப் பாரு. அங்க போய் கக்கூஸுக்குள்ள நொழைஞ்சு, செவுத்துக் கம்பியப் பிடிச்சு உன் எடையப் போட்டுத் தொங்கு. கையோட வந்திருச்சுன்னா அது துண்டு போடுத கம்பி, கெழவி பிடிக்கிற கம்பி இல்ல. பொறவு கதவப் பாரு. உள்பக்கமாத் தொறக்குத கதவுன்னா, உள்ள விழுந்து கெடக்குறவளே கதவ அடைச்சுக்கிடுவா. வெளிய நிக்குறவன் தள்ளவும் முடியாது, தூக்கவும் முடியாது. உள் தாப்பாள வெளிய இருந்து நீக்க வழியிருக்கான்னும் கேளு. மேனேஜர் ஒன்னய ஒரு மாதிரியாப் பாப்பான். பாக்கட்டும், பொண்ணா கேக்கப் போயிருக்க?

அங்க கேமரா முப்பது இருக்குன்னு பெருமை பீத்துனல்லா? நல்லது. அக்கா விழுறத முப்பது பக்கமிருந்தும் பாக்கலாம். தூக்குறதுக்கு ராத்திரி எத்தனை கை இருக்குன்னு கேட்டியா? பகல்ல பத்துப் பேரு வெள்ளச் சட்டையோட அலையுவான். ரெண்டு மணிக்கு, ராத்திரி ரெண்டு மணிக்கு, ஒரு மாடிக்கு ஒரு ஆயாதான். அவளும் பகல் முழுக்கத் துணி தொவச்சவளா இருப்பா. ரயில் லேட்டுன்னு பொய் சொல்லி அந்நேரத்துக்குப் போய் கேட்டத் தட்டு. தொறக்க எம்புட்டு நேரமாவுது, சாவி யாருகிட்ட இருக்கு, அவன் எங்க தூங்குதான், எல்லாம் அஞ்சு நிமிசத்துல வெளுத்துரும்.

சாவிதான் மாப்ள முக்கியம். கெழடுக வெளிய போயிரக் கூடாதுன்னு கிரில்லப் பூட்டுறது பாதுகாப்பும்பான். 2001 ஆகஸ்டு 6-ம் தேதி ஏர்வாடியில மனநலக் காப்பகம் தீப்பிடிச்சு 28 பேரு செத்தாவளே, அவியளையும் ஓடிரக் கூடாதுன்னுதான் சங்கிலி போட்டிருந்தானுவ.

‘ஜெனரேட்டர் இருக்கா’ன்னு கேட்டிருப்ப, ‘இருக்கு சார்’னு சொல்லியிருப்பான். எது எதுக்கு ஓடும்னு கேட்டியா? அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுல ஹாலிவுட்டுன்னு ஒரு ஊரு, சினிமா ஹாலிவுட்டு வேற. 2017 செப்டம்பர்ல இர்மா புயலடிச்சு ஒரு காப்பகத்துல ஏசிக்குப் போற கரண்டு மட்டும் போச்சு. கட்டடத்துல மத்த கரண்டு இருந்துச்சு. அந்தப் புழுக்கத்துலயே நாள் கணக்காப் போட்டு வச்சு 12 பேரு செத்தாவ. ரோட்டுக்கு அந்தாண்ட பெரிய ஆஸ்பத்திரி, ஏசி குளுகுளுன்னு ஓடிட்டு இருந்திருக்கு. மறுவருசந்தான், நாலு நாளுக்குத் தாக்குப் பிடிக்கிற மாதிரி ஜெனரேட்டர் வச்சிருக்கணும்னு அங்க சட்டம் போட்டான். அமெரிக்காக்காரனுக்கே சாவு விழுந்த பொறவுதான் புத்தி வருது.

தெனமும் வீடியோ கால்ல அம்மாவக் காட்டுவாங்களாம், பொட்டு வச்சுத் தல சீவி. சந்தோசம். படுக்கப்புண்ணு மூஞ்சியில வராது மாப்ள. குதிங்கால்ல வரும், இடுப்பெலும்புல வரும், முதுகுக்குக் கீழ வால் எலும்புல வரும். படுத்த படுக்கையா இருக்கவள ரெண்டு மணிக்கொருக்கத் திருப்பிப் போடணும். நேருல போறப்போ போர்வையத் தூக்கிக் குதிங்காலப் பாரு. செவந்திருந்தா வெரலால அமுக்கு. அமுக்கியும் செவப்பு வெளுக்கலன்னா அங்க யாரும் திருப்பல.

அக்காவச் சேத்த பொறவு ஒரு பேச்சு வரும்: ‘அம்மா தொந்தரவே பண்றதில்ல சார், நல்லாத் தூங்குறாங்க.’ இதக் கேட்டு நீ கண் கலங்குவ. எங்க அக்காவா? காப்பியில சீனி கூடிப் போச்சுன்னு சம்பந்தி வீட்டையே நிறுத்தி வச்சுக் கேட்டவளா? தெருவுல போற கருவாட்டுக்காரன் தராச எடுத்துப் பாத்தவளா? பத்து நாள்ல அவ சாதுவாயிட்டான்னா நல்ல கவனிப்புன்னு நெனச்சிராத. சாயங்காலம் குடுக்குற மாத்திரை அட்டையக் கேட்டு வாங்கி, உனக்குத் தெரிஞ்ச டாக்டருக்குப் போட்டோ எடுத்து அனுப்பு. தூக்க மாத்திரைங்கறது ஒரு ஆயாவோட சம்பளத்த மிச்சம் பிடிக்கிற மருந்து, கேட்டியா? அக்கா பழைய மாதிரி எவனையாவது ஏசுதான்னு போன் வந்தா எனக்குச் சொல்லி அனுப்பு, அல்வா வாங்கித் தாரேன்.

சக்கரைக்கு ஊசி போட்டுட்டு சாப்பாடு எப்போ வருதுன்னும் பாரு. ஊசி ஏழுக்கு, இட்லி ஒம்பதுக்குன்னா, நடுவுல கெழவி மயங்கி விழுந்தா ‘வயசாயிருச்சுல்லா’ம்பான்.

சட்டம் பேசணும்னா அதுக்கும் ஒண்ணு இருக்கு. 2007-ல வந்தது. பெத்தவங்களக் கைவிட்டா மூணு மாசம் வரைக்கும் செயிலு, இல்லன்னா அஞ்சாயிரம் வரைக்கும் அபராதம். அபராதத்தப் படிச்சதும் உன் மூஞ்சியில ஒரு நிம்மதி தெரியுது பாரு! 14567-னு ஒரு நம்பர் இருக்கு, முதியோர் உதவிக்கு. அத அக்கா போன்லயே ஏத்தி வை. உன் போன்ல வேண்டாம், நீ மீட்டிங்குல இருப்ப.

கடைசியா, மூவாயிரம் பேரம் பேசிக் கொறச்சேன்னு நெஞ்ச நிமித்திச் சொன்னியே. மீன் தொட்டியிலயா கொறச்சிருப்பான்? அத வர்ற போறவனெல்லாம் பாக்கான். கிரானைட்டப் பேத்தா எடுப்பான்? யாரும் பாக்காத ரெண்டு மணிக்கு நிக்க வேண்டிய ஆயாவத்தான் கொறைப்பான். அந்த மூவாயிரத்தத் திருப்பிக் குடுத்துட்டு, ராத்திரி டூட்டி சீட்டக் காட்டுன்னு கேளு. ஆயா பேரு மாசாமாசம் மாறுதான்னும் பாரு. மாறிக்கிட்டே இருந்தா சம்பளம் ஒழுங்கா போகலன்னு அர்த்தம்.

அக்காவ இப்போதைக்குக் கூட்டிட்டுப் போவாத. மொதல்ல என்னய ஒரு வாரத்துக்குச் சேத்து விடு. முட்டுவலிக் கெழவன், காது கேக்காதுன்னு எழுதிக் குடு. ராத்திரி பூரா ஆளக் கூப்பிடுத பெல்ல அமுக்கிக்கிட்டே கெடக்கேன், எவன் வாறான்னு பாப்போம். பில்ல மட்டும் நீ கட்டிரு. மெனுவுல வியாழக்கெழம மீன் கொழம்பு போட்டிருக்கில்லா, அதுக்கு முந்தியே வர்ற மாதிரி டிக்கெட்டப் போடு.