மூன்றாவது ஓட்டு

கேள்வி: ராயபுரத்தில் கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ் நடத்துகிறோம். ஒரு சர்வர் படுத்தால் இன்னொன்று தானாக வேலையை எடுத்துக்கொள்ள, கையைக் கடிக்காத வழி உண்டா? இரண்டு சர்வர் போதுமா?

பதில்: போதாது. நடுவிலுள்ள கேபிள் அறுந்தால், 'மற்றவன் போய்ச் சேர்ந்தான்' என்று இரண்டுமே நினைத்து, ஒரே கணக்கைத் தனித்தனியாக எழுத ஆரம்பிக்கும். அதைத் தடுக்கத்தான் ஓட்டெடுப்பு: பெரும்பான்மை இல்லாத இயந்திரம் ஒதுங்கிவிடும். மூன்றாவது ஓட்டைப் போட ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி போதும்; கள்ள ஓட்டும் போடாது. இதற்கான மென்பொருளில் பெயர்பெற்ற விஎம்வேரை 2023 நவம்பரில் வாங்கிய பிராட்காம், நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்திச் சந்தாவுக்கு மாறிவிட்டது. ஆகவே உங்களுக்கு ஏற்றது, லைசென்ஸ் கட்டணமில்லாத ப்ராக்ஸ்மாக்ஸ் மென்பொருள்.

'ஓசிச் சரக்குக்குக் கோளாறு வந்தால் யாரைப் பிடிப்பது?' என்பீர்கள். மிச்சமான காசில் லினக்ஸ் தெரிந்தவரை ஆண்டு ஒப்பந்தத்தில் பிடியுங்கள். ப்ராக்ஸ்மாக்ஸில் ஒரு சர்வரிலிருந்து மற்றதற்கு நகலெடுப்பு வழக்கமாக 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான். இடையில் சர்வர் படுத்தால் கடைசி நகலுக்குப் பின் எழுதியது போய்விடும்; அதனால் அவரிடம் 1 நிமிடமாக்கச் சொல்லுங்கள். 'இத்தனைக்குப் பிறகும் பேக்கப் எதற்கு?' என்றால், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளத்தோடு எண்ணெயும் புகுந்ததை நினையுங்கள். தரைத்தளத்தில் இருந்தால் மூன்று ஓட்டும் ஒன்றாகவே மூழ்கும். சர்வரை மாடிக்கு ஏற்றுங்கள். பேக்கப்பை ஊருக்கு வெளியே வையுங்கள்.