சி எது, டி எது?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிகிறது என்றதும், என் மேஜையில் இருந்த அசெம்பிள் டெஸ்க்டாப்புக்கு விண்டோஸ் 11 போட முடியுமா என்று சோதித்தேன். அதற்குத் தேவையான டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை என்று வந்தது. உடனே சிபியுவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போய், இதை எடுத்துக்கொண்டு புதிது கொடுத்தால் எவ்வளவு ஆகும் என்று விசாரித்தேன்.

"எந்த ஜெனரேஷன் சார்?"

"எட்டாவது தம்பி."

"அப்ப உள்ளயே இருக்கும் சார். பயாஸ்ல ஆஃப் ஆயிருக்கும்."

இன்டெல்லில் அதற்கு பிடிடி என்று பெயராம். நான் அதைத் தேடியதே இல்லை. பையன் ஆன் செய்து கொடுத்தான். காசு வேண்டாம் என்றான். வாங்கியிருந்தால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சியிருக்கும்.

அடுத்து, எப்படிப் போடுவது? பழையதன் மேலேயே ஏற்றினால் கோப்பும் செயலியும் இருந்த இடத்தில் இருக்கும். துடைத்துவிட்டுப் போட்டால் எல்லாம் புதிது. துணி அலமாரியைத் தீபாவளிக்குக்கூட ஒதுக்காத எனக்குக் கம்ப்யூட்டர் என்றால் மட்டும் சுத்தம் தேவைப்படுகிறது. ஃபார்மட்தான் என்று முடிவு செய்தேன்.

பேக்கப்பை மறக்கவில்லை. சி டிரைவில் இருந்ததையெல்லாம் டி-க்கு மாற்றினேன். இரண்டும் ஒரே டிஸ்க்கின் பாகங்கள்தான் என்பது தெரியும்; ஆனாலும் டி என்றால் ஏதோ வெளியூர் மாதிரி ஒரு நம்பிக்கை. அதிலும் காப்பி செய்யவில்லை, கட் செய்து பேஸ்ட் செய்தேன். சி காலியாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்குமே.

பென் டிரைவிலிருந்து இன்ஸ்டால் ஆரம்பித்ததும் ஒரு பட்டியல் வந்தது. அதில் சி, டி என்ற எழுத்துகளே கிடையாது. டிஸ்க் 0, பார்ட்டிஷன் 1, 2, 3, 4 என்று எண்கள். பக்கத்தில் மொத்த அளவு, காலி இடம். நான் டிஸ்க்கைப் பிரித்தபோது ஓரவஞ்சனை கூடாதென்று சரிபாதியாகப் பிரித்திருந்தேன். எது நிறைந்திருக்கிறதோ அதில்தான் விண்டோஸ் இருக்கும் என்று கணக்குப் போட்டு, அதை அழித்து, அந்த இடத்திலேயே விண்டோஸ் 11-ஐப் போட்டேன்.

கம்ப்யூட்டர் திறந்தபோது, எந்த விண்டோஸ் வேண்டும் என்று கேட்டது. துடைக்க நினைத்தது சுகமாக இருந்தது. காப்பாற்ற நினைத்தது போய்விட்டது. அந்த ஆத்திரத்தில் பழையதையும் ஃபார்மட் செய்தேன்.

போட்டோக்களில் பாதி போனில் இருந்தன. கட்டுரைகள் பத்திரிகைகளுக்கு அனுப்பிய மெயில்களில் இருந்தன. ஆசிரியர்கள் திருப்பி அனுப்பியவையும் இருந்தன, அவற்றுக்கு நன்றி. ஆனால் பழையவை யூனிகோடுக்கு முந்தைய பாமினியில் அடித்தவை. அந்த எழுத்துரு கடைசியாக நான் ஃபார்மட் செய்த விண்டோஸுக்குள் இருந்தது. 'அம்மா' இருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று ஆங்கில எழுத்துகள். பாமினியை மறுபடி இறக்கிக்கொண்டேன். படித்துப் பார்த்தபோது சில கட்டுரைகள் அப்படியே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

பாடம் கற்றவனாக, மனைவியின் லேப்டாப்பில் மேலேயே ஏற்றினேன். ஒரு குறையும் இல்லை. மறுநாள் டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று, பழைய விண்டோஸ் என்ற பெயரில் ஜிபி கணக்கில் கிடந்ததை அழித்தேன். அதற்கடுத்த நாள் அவளுடைய பழைய ஸ்கேனர் வேலை செய்யவில்லை. பிடிக்காவிட்டால் பழையபடி திரும்பிக்கொள்ள விண்டோஸ் பத்து நாள் அவகாசம் தருகிறது. அதற்கான சரக்குதான் நான் அழித்தது.

ஒழுங்காக ஓடுகிற கம்ப்யூட்டருக்கு மேலேயே ஏற்றுவது போதும் என்பது என் இப்போதைய கட்சி. வைரஸ் புகுந்தது, காரணமில்லாமல் திணறுவது இவற்றுக்குத்தான் துடைப்பு. எதுவானாலும் முதலில் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல் வேண்டும். இதை எல்லோருக்கும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் அந்த ஹார்ட் டிஸ்க் பீரோவில் இருக்கிறது. சாவி எங்கே என்று கேட்டேன், "உங்களுக்கு எதுக்கு?" என்றாள்.