பின்சீட்டுல யாரு, மாப்ள?

ஏ மாப்ள, நீ நீட்டின காகிதத்தைப் படிச்சேன். கண்ணாடி போட்டு ஒருதரம், கழட்டிட்டு ஒருதரம். மெட்ராஸ்ல கிளம்பி கன்னியாகுமரி வரைக்கும் கடலோரமாவே காரு. 7 நாளு, 22 ஊரு. 5.45-க்குக் காப்பி, 6.10-க்குச் சூரிய உதயம். சூரியன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வச்சிட்டியா?

"மக போட்டுக் குடுத்தது மாமா"ன்னு சிரிக்கிறே. அதானே பாத்தேன். மூத்தவ டெக்சாஸ், இளையவன் பெங்களூரு, வீடு காலி. இனி நாமளாச்சு நம்ம பாடாச்சுன்னு கிளம்புற ஆளுக்கு அமெரிக்காவுலேருந்து அட்டவணை வருது. அவ பத்தாப்பு படிக்கையில நீ மணிக்கணக்குப் போட்டு சுவத்துல ஒட்டுனியே, வட்டியும் முதலுமாத் திருப்பிட்டா.

மொதல்ல மாசத்தை மாத்து. ஐப்பசியில எவனாச்சும் கடலோரம் போவானா? தீவாளிக்குப் பிள்ளைக வரலேங்கிற கோவம் உனக்கு. மழைக்கு அது தெரியுமா? நாகப்பட்டினம் பக்கம் வயலு எது, ரோடு எதுன்னு தெரியாமத் தண்ணி நிக்கும். சித்திரை, வைகாசியும் ஆகாது. ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு நம்ம கரையில விசைப்படகு கடலுக்குள்ள போகக் கூடாது. அப்ப "இப்பத்தான் பிடிச்சது சார்"னு ஓட்டல்காரன் வைக்கிற வஞ்சிரம் உன்னைவிடக் கூடுதல் தூரம் லாரியில பயணம் பண்ணி வந்ததா இருக்கும். தை பொறக்கட்டும். கோடியக்கரையில பூநாரை வந்து நிக்கும். அதுகளுக்கு யாரும் அட்டவணை போட்டுக் குடுக்கல.

அடுத்து, ஊரைக் குறை. தரங்கம்பாடிக் கோட்டைக்கு 25 நிமிஷமாம். டேனிஷ்காரன் 1620-ல கட்ட ஆரம்பிச்சது, 400 வருஷமா நிக்குது. நீ அரைமணி கூடக் குந்தியிருந்தா விழுந்துறாது. மனோராவைப் போற போக்குல பாத்துக்கோ. எங்கேயோ நெப்போலியன் தோத்ததுக்குத் தஞ்சாவூர் சரபோஜி இங்க எட்டு நிலையில கோபுரம் எழுப்புனாரு. அடுத்த வீட்டுச் சண்டைக்கு நம்ம வீட்டுல வெடி.

தனுஷ்கோடிக்கு மட்டும் ஒரு முழுப் பகலைக் குடு. 1964 டிசம்பர் புயல் விட்டுட்டுப் போன கோயில் சுவரு, கூரை இல்லாம மணல்ல நிக்கும். முன்னெல்லாம் வேன்ல குலுங்கிக்கிட்டுப் போகணும், இப்ப அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு. ரோட்டுக்கு ஒரு பக்கம் சும்மாக் கெடக்கிறது பெண்கடலு, மறுபக்கம் கத்துறது ஆண்கடலு. வாடைக்காத்து அடிச்சா ரெண்டும் குணத்தை மாத்திக்கிடும். உன் வீட்டுல நடக்காததா? பொழுது சாயுமுன்னே போலீஸ்காரன் திருப்பி அனுப்பிருவான், வெள்ளென போ.

அங்க நின்னுக்கிட்டு வீடியோ கால் போட்டு, "இந்தா பாரு அலை"ன்னு காட்டாதே. பின்சீட்டு காலியாயிருச்சுன்னுதானே கிளம்புனே? செல்போன் வழியா பிள்ளைக ரெண்டையும் ஏத்திக்கிட்டுப் போனா எப்படி?

கடைக்குட்டியைக் கட்டிக் குடுத்த மறுவாரம் நானும் உங்க அத்தையும் திருச்செந்தூருக்குப் பஸ் ஏறுனோம். சாயல்குடி தாண்டியும் ஒரு பேச்சில்ல. முப்பது வருஷமாப் பேசுனது பூரா பிள்ளைகளைப் பத்தி, அந்தச் சரக்கு தீந்துபோச்சு. வேம்பார்ல "சன்னலைச் சாத்துங்க"ன்னா. சாத்துனேன். அம்புட்டுத்தான். திருச்செந்தூர்க் கரையில சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, முழங்கால் தண்ணியில நின்னவ திடுதிப்புனு கேக்கா: "பொண்ணு பாக்க வந்தன்னிக்குப் போட்டிருந்த செருப்பு இரவல்தானே?"

இரவல்தான்டா. உங்கப்பன் செருப்பு, ஒரு அளவு பெருசு. நான் நடந்த நடையிலயே கண்டுபிடிச்சு, முப்பது வருஷம் வாயைத் திறக்காம வச்சிருந்திருக்கா. அன்னிக்கு ராத்திரி லாட்ஜுல நாங்க தூங்கவே இல்ல, சிரிச்சே விடிஞ்சிருச்சு.

அதனால உன் வீட்டுக்காரி மொத ரெண்டு நாளு உம்முன்னு இருந்தாப் பயந்துக்கிட்டுப் பாட்டுப் பெட்டியைத் திருகாதே. தாயி என்ன வச்சிருக்கோ, யாரு கண்டா.

இன்னொண்ணு. தூத்துக்குடியில மக்ரூன் வாங்கையில தாயி பிள்ளைகளுக்குன்னு ரெண்டு பொட்டலம் தனியா எடுத்து வைக்கும். டெக்சாஸ் போய்ச் சேருமுன்னே தூளாயிரும். திரும்பும்போது அந்த ரெண்டையும் இங்கிட்டு இறக்கிட்டுப் போ. உங்க அத்தை கேட்டா முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும்னு மட்டும் சொல்லு. சீனியைப் பத்தி மூச்சு விட்டே, செருப்புக் கதையை உங்கப்பன்கிட்ட நீதான் சொன்னேன்னு அவகிட்டச் சொல்லிருவேன்.