வசந்தம் வந்ததா?

சென்னையில் வசந்தம் என்று ஒன்று வருகிறதா, அல்லது கவிகளின் கற்பனைதானா?

வராமல் என்ன! மாசிப் பனி விடைபெற்ற பின், வேம்பு துளிர்விடும் சில தினங்களில் வந்து, நாம் விசிறியைத் தேடும் சமயம் பார்த்துச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறது. ஆயினும், அக்கினி நட்சத்திரத்தையே உள்ளடக்கிய சித்திரை, வைகாசி மாதங்களுக்கு 'இளவேனில்' என்று நாமகரணம் செய்து, வெயிலுக்கும் ஓர் இளமை கண்ட நம் முன்னோரின் ரசிகத்தன்மையை நினைக்கும்போது, நெற்றி வியர்வையும் சற்றே குளிர்கிறது.

குயிலோசையில் பெண்குரலின் இனிமையைக் கண்டு வியக்கிறேன். சரிதானே?

வியப்பு சரி, விலாசம் தவறு. விடியற்காலையில் மாந்தோப்பை நிறைக்கும் அந்தக் 'கூ... ஊ', கரிய ஆண்குயில் தன் துணையை அழைக்கும் கானம். பழுப்பு மேனியில் வெண்புள்ளிகள் கொண்ட பெண்குயிலோ, காக்கையின் கூட்டில் முட்டையிட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறது. ஆக, வசந்தத்தில் பாடுவது குயில்; பாடுபடுவது காக்கை!

வருஷப் பிறப்பன்று, சந்தோஷமான வேளையில், வேப்பம்பூவின் கசப்பு எதற்கு?

கசப்பைத் தனியே தந்தால் அது கஷாயம். வெல்லமும் மாங்காயும் சேர்த்துத் தந்தால் தத்துவம். வேம்பு பூக்கும் அதே பருவத்தில் மாவையும் காய்க்க வைத்து, வரப்போகும் வருஷத்தின் சுவைகளையெல்லாம் ஒளிவுமறைவின்றி முன்கூட்டியே இலையில் பரிமாறிவிடும் இயற்கையைவிட நேர்மையான ஜோதிடர் வேறு யார்?