கேஸ் போயிருச்சாம்லா!

வா மருமவனே, உக்காரு. ஃப்ரிட்ஜுல மறுபடியும் கேஸ் போயிருச்சாமே, உங்கத்தை சொன்னா. போன சித்திரையில போச்சு, இப்ப ஐப்பசியிலயும் போயிருக்கு. ஓடஓடத் தீந்துபோக அது என்ன பைக்குல ஊத்துற பெட்ரோலா? மூடுன குழாய்க்குள்ளயே சுத்திக்கிட்டுக் கெடக்குற சரக்கு அது. எங்கயாவது ஓட்டை விழுந்தாத்தான் வெளிய போவும். ஓட்டை எங்கன்னு காட்டாமலே மெக்கானிக் ரெண்டு தடவை கேஸ் அடிச்சுட்டுப் போயிருக்கான்னா, அவன் கெட்டிக்காரன். நீ தாராளக்காரன்.

மேல மீனு விறைச்சுக் கெடக்கு, கீழ தயிரு பொங்கி வழியுதாம். கேஸ் முழுசாப் போயிருந்தா மீனு மட்டும் எப்படிப்பா விறைக்கும்? ஏழாங்கிளாஸோட நின்ன எனக்கே இந்தச் சந்தேகம் வருது, இஞ்சினியரு உனக்கு வரல பாத்தியா!

உன்னுது டபுள் டோர். கூலிங் காயிலு ஃப்ரீசருக்குப் பின்னால, மூடி போட்டு ஒளிச்சு வச்சிருக்கான். அதுல படியுற பனியை உருக்க ஒரு ஹீட்டரு, அதை நேரத்துக்கு எழுப்பிவிட ஒரு டைமரு, சூடு மிஞ்சாமப் பாத்துக்க ஒரு பைமெட்டலு. புதுசுல டைமருக்குப் பதிலா போர்டு. இதுல ஒண்ணு படுத்தாலும் பனி காயிலை மூடிரும், ஃபேன் தள்ளுற காத்து கீழ எறங்காது. ஃப்ரீசர் கதவைத் தொறந்து ஓரத்துல இருக்குற பொத்தானை விரலால அமுக்கிக்கிட்டுக் காதைக் குடு. மெஷின் ஓடும்போது ஃபேன் சத்தமே இல்லன்னா மோட்டாரைப் பாக்கச் சொல்லு. கரகரன்னு உரசுச்சுன்னா எறக்கை ஐஸுல இடிக்குன்னு அர்த்தம்.

பனி முழுக்க உருக, பிளக்கைப் புடுங்கி ரெண்டு கதவையும் ஒரு நாள் முழுக்கத் தொறந்து போடு. கீழ பழைய வேட்டியை விரிச்சுக்கோ, தண்ணி கொட்டும். மீனை எங்க வைக்கன்னு யோசிக்காத, உங்கத்தை குழம்பு வச்சிருவா. மறுநாள் போட்டா ஜோரா ஓடி, ஒரு வாரம் பத்து நாள்ல பழையபடி படுத்துக்கிட்டா, கோளாறு அந்த ஹீட்டரு வகையறாவுலதான்.

ஆனா கத்தியை மட்டும் எடுத்துராத. போன தடவை ஐஸை நோண்டுனியாமே! உள்ள இருக்கது அலுமினியக் குழாய். நுனி பட்டாப் போதும், அப்ப நெசமாவே கேஸ் போவும். புது ஃப்ரிட்ஜுல பாதிக்கு மேல ஆர்600ஏ. தீப்புடிக்குற சரக்கு, வீட்டுக்குள்ள வெளையாடுறதுக்கில்ல. எந்த கேஸு, எத்தனை கிராம்னு ஸ்டிக்கர்லயே போட்டிருக்கும். தராசு வச்சு எடைபோட்டு ஏத்தணும். உன் ஆளு தராசு கொண்டுவந்தானா?

கதவு ரப்பரையும் பாரு. பத்து ரூவா நோட்டை வச்சுக் கதவை மூடி இழு. சும்மா வழுக்கிட்டு வந்துச்சுன்னா ஈரக் காத்து உள்ள போயி பனியாக் கட்டுது. சோப்புத் தண்ணி போட்டுத் தொடை, கேக்கலன்னா ரப்பரை மாத்து. அதுக்கு ஆளு வேணும்னாலும் செலவு கம்மிதான்.

அடுத்த தடவை அந்தத் தம்பி வந்து கேஸுங்கும்போது, “ஓட்டை எங்கன்னு காட்டுங்க தம்பி, அப்புறம் ஏத்தலாம்”னு மரியாதையாக் கேளு. அவன் மொகம் போற போக்கைப் பாத்துட்டு எனக்கு ஒரு போனைப் போடு.