சியாட்டிலில் கொலை, குப்பத்தில் விசாரணை

● அனுஷ்கா, மாதவன், அஞ்சலி, ஹாலிவுட்டிலிருந்து மைக்கேல் மேட்சன் வேறு. இத்தனை பேர் இருந்தும் ‘நிசப்தம்’ ஏன் படுத்துவிட்டது?
– கல்லூரி மாணவி, குப்பம்

துப்பு துலக்க ஆள் இருந்தும் துப்பு இல்லாததால்! ஹேமந்த் மதுகர் இயக்கி 2020 அக்டோபர் 2 அன்று அமேசான் பிரைமில் வந்த படம் இது. சியாட்டிலில் 1972-இல் கொலை நடந்த ஒரு பங்களா, அங்கே பேய் உலாவுகிறது என்ற பேச்சு, அந்த வீட்டிலிருக்கும் ஓர் ஓவியத்தைத் தேடிப் போகும் பெண். அருமையான ஆரம்பம். பேயா, மனிதனா என்று நம்மைக் கடைசிவரை தவிக்க விட்டிருக்கலாம். படமோ முடிச்சை அவிழ்க்கும் வேலையை ஃப்ளாஷ்பேக்கிடம் ஒப்படைத்துவிட்டது. பார்ப்பவர் யூகிக்க ஒரு தடயமாவது வேண்டும். நமக்குக் கிடைப்பது விளக்கம் மட்டும்தான்.

● தெலுங்கில் ‘நிசப்தம்’, தமிழில் ‘சைலன்ஸ்’. இரண்டு மொழியும் தெரிந்த நாங்கள் எதில் பார்ப்பது?
– மளிகைக் கடைக்காரர், சாந்திபுரம்

இரண்டிலும் கொலையாளி ஒருவரே. ஒரு தடவை போதும்.

● சியாட்டில் போலீசில் நம்ம ஊர்ப் பெண் அதிகாரியாக இருப்பதை நம்ப முடிகிறதா சார்?
– ஓய்வுபெற்ற தலைமைக் காவலர், ராமகுப்பம்

தாராளமாக நம்பலாம். மைக்ரோசாஃப்டும் அமேசானும் தலைமையகம் வைத்திருக்கும் பகுதி அது. நம் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்கள். என் குறை வேறு. விசாரிப்பவரும் நம்மவர், விசாரிக்கப்படுபவரும் நம்மவர் என்றால் அங்கே எத்தனை சங்கடம் முளைக்கும்! சொந்த ஊர்ப் பாசம் கண்ணை மறைக்கிறதோ என்று மேலதிகாரி சந்தேகப்படுவார். வீட்டு விஷயத்தை வெளியாளிடம் சொல்லக் கூடாது என்று சாட்சி வாயை மூடிக்கொள்வார். தலைமைக் காவலராக இருந்த உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? அதிகாரியாக வரும் அஞ்சலியின் பாத்திரத்துக்குப் பதவி கிடைத்தது. இந்தச் சங்கடம் கிடைக்கவில்லை.

● கேட்கவும் பேசவும் இயலாத சாட்சியாக அனுஷ்கா உருக்கமாக நடித்திருந்தாரே. அதைப் பாராட்டக் கூடாதா?
– ஆசிரியை, குப்பம்

பாராட்டுகிறேன் அம்மா. பேச்சே இல்லாமல் ஒரு கதாநாயகி படத்தைத் தாங்குவது நம் சினிமாவில் அபூர்வம். என் வருத்தம் முழுக்கத் திரைக்கதை மீதுதான்.

அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 1990-இல் வந்தது. காதுகேளாத ஒருவரிடம் சிக்கலான விசாரணை நடத்தும்போது, தேவைப்பட்டால் தகுதியுள்ள சைகைமொழி பெயர்ப்பாளரைப் போலீஸ் ஏற்பாடு செய்ய வேண்டும். இந்திய சைகைமொழி வேறு, அமெரிக்க சைகைமொழி வேறு. இந்த இரண்டை மட்டும் வைத்து யோசித்துப் பாருங்கள். கொலையைப் பார்த்தவர் ஒரே ஒரு பெண். அவர் கைகள் சொல்வதை வேறொருவர் வாய்வழியாகத்தான் போலீஸ் கேட்க முடியும். நடுவில் இருப்பவர் ஒன்றை விட்டுவிட்டால்? தெரிந்தே மாற்றிச் சொன்னால்? அல்லது அந்தப் பெண்ணே இந்த இடைவெளியில் ஒளிந்துகொண்டால்? இத்தனை திகிலும் அந்தப் பாத்திரத்துக்குள்ளேயே இருந்தது. அதைத் தோண்டாமல் இரக்கத்துக்கு மட்டும் பயன்படுத்தியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. காதுகேளாதவர்களும் படம் பார்க்கிறார்கள். அவர்களுடைய அறிவுக்கும் கதையில் இடம் வேண்டும்.

● வெளிநாட்டில் நடக்கும் துப்பறியும் படம் என்றாலே சொதப்பல்தானா?
– ஆட்டோ ஓட்டுநர், குடுபள்ளி

இல்லவே இல்லை! கௌதம் மேனனின் ‘வேட்டையாடு விளையாடு’ (2006) பாருங்கள். நண்பரின் மகள் கொலையில் தொடங்கும் வழக்கு, போலீஸ் அதிகாரி ராகவனாக வரும் கமலை நியூயார்க் வரை இழுத்துப் போகிறது. இங்கே அவர் உயர் அதிகாரி. அங்கே அவருக்கு அதிகாரம் இல்லை, உள்ளூர்ப் போலீசின் துணை வேண்டும். கமலின் கம்பீரத்தில் லேசாக ஒரு விரிசல் தெரிகிறதே, அதற்காகத்தான் கதை கடல் தாண்ட வேண்டியிருந்தது. சியாட்டிலை எடுத்துவிட்டு ஊட்டியை வைத்தாலும் ‘நிசப்தம்’ அப்படியே ஓடும். என் அளவுகோல் அவ்வளவுதான்.

● பிறகு ஏன் எல்லாரும் விமானம் ஏறுகிறார்கள்?
– பெயர் வேண்டாம், குப்பம்

படம் எடுக்க வருபவர்களுக்குச் செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் நாடுகள் பல. மலேசியா தகுதியுள்ள செலவில் 30 சதவீதம் தரும் திட்டமே வைத்திருக்கிறது. தயாரிப்பாளருக்கு அது நியாயமான கணக்கு. கதாசிரியருக்கு அது காரணம் ஆகாது.

● நம் குப்பத்தில் ஒரு த்ரில்லர் எடுக்க முடியுமா?
– பேருந்து நடத்துநர், குப்பம்

குப்பத்தை விடத் தோதான ஊர் எது? ஆந்திராவின் மூலையில் நம் ஊர், ஒரு பக்கம் தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி, இன்னொரு பக்கம் கர்நாடகத்தின் கோலார், நடுவே சென்னை–பெங்களூரு ரயில் பாதை. குற்றம் ஒரு மாநிலத்தில், பிணம் அடுத்ததில், சாட்சி மூன்றாவதில். எல்லையைக் காரணம் காட்டிப் புகாரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. ஆனால் பதிவான வழக்கு எந்த நிலையத்துக்குப் போகும், யார் தட்டிக் கழிப்பார்? பாதிப் படம் அங்கேயே கிடைத்துவிட்டது.

வெளிநாடும் வேண்டுமா? அதுவும் நம் மாவட்டங்களிலிருந்தே கிளம்புகிறது. சேஷாசலம் காட்டில் வெட்டப்படும் செம்மரம் சீனா வரை கடத்தப்படுகிறது. 2015 ஏப்ரல் 7 அன்று அந்தக் காட்டில் போலீஸ் சுட்டதில் தமிழ்நாட்டிலிருந்து வந்த 20 பேர் இறந்தார்கள். கூலிக்கு மரம் வெட்டுபவர் இங்கே சாகிறார், லாபம் பார்ப்பவர் எங்கோ பத்திரமாக இருக்கிறார். அவரைத் தேடி ஓர் அதிகாரி கடல் தாண்டட்டும். அந்தப் பயணத்துக்கு நானே டிக்கெட் எடுத்துத் தருகிறேன்.

● சரி, இந்த ஞாயிற்றுக்கிழமை என்ன பார்க்கலாம்?
– இல்லத்தரசி, ராமகுப்பம்

‘அந்த நாள்’. எஸ். பாலசந்தர் 1954-இல் பாட்டே இல்லாமல் எடுத்தது. 1943-இல் ஜப்பான் குண்டு வீசிய சென்னையில் ஒரு ரேடியோ எஞ்சினியர் சுட்டுக் கொல்லப்படுகிறார். கேமரா வெளிநாட்டுக்குப் போகவே இல்லை, ஆனால் ஜப்பான் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். குடும்பத்தோடு பாருங்கள். கொலையாளி யார் என்று யூகித்தவர் யார் என்பதை அடுத்த வாரம் எனக்கு எழுதுங்கள்.